பனிக்குடம் உடைவதற்கு முன்

(கர்ப்பிணிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கிராம சுகாதார செவிலியர்களும் கலந்துகொண்ட புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் நடந்த கூட்டத்தில், மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைமார்களே, உங்களைத்தான் முதலில் அழைக்கிறேன்.

மாப்பிள்ளைமார்களைத் தனியாக அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரசவம் பற்றிய கூட்டம் என்றால் ஆண்கள் பெரும்பாலும் வெளியே வண்டிமேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள். கடைசிவரை இருங்கள். உங்களுக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சென்னையில என் நாத்தனார் மகளுக்கு ஒன்பதாம் மாசம் பஞ்சுக்குச்சி வச்சு ஏதோ டெஸ்ட் எடுத்தாங்களாம். அமெரிக்காவுல எல்லாருக்கும் எடுக்கிறாங்களாம். நமக்கு ஏன் டாக்டர் எடுக்கல?" நல்ல கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பரிசோதனை எடுத்தோம் என்பது பாதி விஷயம்தான். அதன் முடிவு பிரசவ அறைக்கு வந்து சேர்ந்ததா, அதைப் பார்த்து அங்கே உரிய நேரத்தில் உரிய மருந்து கொடுத்தார்களா என்பதுதான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறது. எப்படி என்று விளக்கத்தான் இங்கே நிற்கிறேன்.

நம் பாட்டிமார் காலத்தில், "பிள்ளை பெத்து மூணாம் நாள் ஜன்னி கண்டு போயிட்டா" என்று சொல்லப்பட்ட பெண்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவர்களில் பலருக்கு வந்தது பிரசவக் காய்ச்சல். கர்ப்பப்பையில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்துவிடும் நோய். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், டாக்டர்கள் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகமாகச் சாவதையும், மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவாகச் சாவதையும் கவனித்தார். டாக்டர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள். அதுதான் வித்தியாசம். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். சாவு சரசரவென்று குறைந்தது. செவிலியச் சகோதரிகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமிக் கூட்டத்தின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நியூயார்க்கில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற பெண் விஞ்ஞானி 1933இல் அதை ஏ, பி, சி என்று வகை பிரித்தார். 1935இல் அவரும் ரொனால்ட் ஹேர் என்பவரும் சேர்ந்து, பிள்ளை பெற்ற பெண்களிடம் கிடைத்த கிருமிகளைப் பார்த்தார்கள். கொடிய காய்ச்சலுக்குக் காரணம் ஏ வகை. பி வகையோ, காய்ச்சலே வராத பெண்களிடமும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பி வகை அவ்வளவாகத் தீங்கில்லாதது என்ற எண்ணம் அப்போது ஏற்பட்டது. ஆனால் 1938இல் லண்டனில் மூன்று தாய்மார்கள் அதே பி வகையால் இறந்த செய்தி வெளியானது. 1970களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த ஒரு வாரத்துக்குள் குழந்தைகளைக் கொல்லும் கிருமிகளில் முதலிடத்துக்கு அது வந்துவிட்டது. பஞ்சுக்குச்சி டெஸ்ட் என்று நீங்கள் கேட்கிறீர்களே, அது இந்தப் பி வகையைத் தேடும் டெஸ்ட்தான்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இது வேறொரு வகையில் அறிமுகமான கிருமி. மடி வீங்கி, பால் திரிந்து வரும் மடிநோய்க்குக் காரணமான கிருமிகளில் இதுவும் ஒன்று. 1887இல் பிரான்சில் முதன்முதலாக இது கண்டறியப்பட்டதே மாட்டின் மடியில்தான். உடனே, "எங்க வீட்டு மாட்டுகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?" என்று பயப்பட வேண்டாம். மனிதரிடம் இருப்பது பெரும்பாலும் தனிக் கிளை. நம் குடலிலேயே அது குடியிருக்கிறது. அங்கிருந்து பெண்ணுறுப்புப் பகுதிக்கு வரும், சில வாரம் இருக்கும், போகும், திரும்ப வரும். ஒழுக்கக் குறைவாலோ சுத்தக் குறைவாலோ வருவதல்ல. மாமியார்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். ஒன்பதாம் மாதம், 36, 37ஆவது வாரத்தில் எடுப்பது வழக்கம். நீண்ட குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றியிருக்கும். பெண்ணுறுப்பின் வாயிலுக்குச் சற்று உள்ளே அதை ஒருமுறை சுழற்றி எடுப்பார்கள். அதே குச்சியை ஆசனவாய்க்குள்ளும் சிறிது செலுத்தி எடுப்பார்கள். ஊசி கிடையாது, ஒரு நிமிடம்கூட ஆகாது. கூச்சமாக இருந்தால், செவிலியர் சொல்லிக்கொடுக்க, திரைக்குப் பின்னால் போய் நீங்களே எடுத்துத் தரலாம்.

ஆய்வகத்தில் அந்தக் குச்சியை ஒரு திரவத்தில் போடுவார்கள். வேறு கிருமிகள் தலையெடுக்காமல் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கும். ஒரு நாள் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் தடவுவார்கள். மறுநாள் தட்டின் சிவப்பின்மேல் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் லேசாக வெளுத்திருக்கும். பி வகைதானா என்று உறுதிசெய்ய 1944இல் கண்டுபிடித்த ஒரு சோதனை இன்றும் நடக்கிறது. தட்டின் நடுவில் வேறொரு கிருமியை நேர்கோடாக இழுப்பார்கள். சந்தேகப்படும் கிருமியை அதற்குச் செங்குத்தாக, தொட்டும் தொடாமலும் இழுப்பார்கள். பி வகையாக இருந்தால், இரண்டு கோடுகளும் நெருங்கும் இடத்தில் ரத்தம் கரைந்து, அம்பு முனை வடிவத்தில் தெளிந்து நிற்கும். பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக அதைப் பார்க்கும் மாணவர்கள் ஆளுக்கு ஆள் தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். ஆக மொத்தம், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

கிருமி இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது? உடனே மாத்திரை கேட்பார்கள். இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். ஒன்பதாம் மாதம் மாத்திரை சாப்பிட்டால் கிருமி போகும். ஆனால் பிரசவத்துக்குள் குடலிலிருந்து திரும்ப வந்துவிடும். எனவே மருந்தை வலி வந்த பிறகு, ரத்தக்குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பென்சிலின் முதலில் 50 லட்சம் யூனிட். பிறகு பிள்ளை பிறக்கும்வரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட். பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்பாவது முதல் ஊசி ஏறியிருந்தால் முழுப் பலன். பென்சிலின் யாருக்காவது ஒவ்வாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்து உண்டு.

கிருமி இருக்கும் 100 தாய்மார்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் குழந்தைக்கு அது ஒட்டும். மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் அந்த 100இல் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள்தான் நோயில் விழும். சின்ன எண்தான். ஆனால் விழுந்தால் சில மணி நேரத்தில் மூச்சு, ரத்தம், மூளை என்று தாக்கும். அமெரிக்கா 1990களில் தடுப்பு மருந்து முறையைத் தொடங்கி, 2002இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டெஸ்ட் என்று பரிந்துரைத்தது. ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்று இருந்த முதல் வார நோய் 2015 வாக்கில் 0.23 ஆனது. எட்டில் ஒரு பங்கு. இது பெரிய வெற்றி, மறுக்க மாட்டேன்.

அப்படியானால் இங்கே ஏன் எல்லோருக்கும் எடுப்பதில்லை? செலவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. பிரிட்டன் பணக்கார நாடுதான். அங்கேயும் எல்லோருக்கும் எடுப்பதில்லை. ஆபத்து அறிகுறி உள்ள தாய்க்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் பத்தாண்டு அனுபவத்தை 1999இல் வெளியிட்டது. ஏறத்தாழ 60,000 பிறப்புகளில் பத்துக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் இந்தப் பி வகை கிடைத்தது. ஆயிரத்துக்கு 0.17. அமெரிக்கா அத்தனை பாடுபட்டு இறங்கி வந்த இடத்தைவிடக் கீழே. பிறகு 2016இல் டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் முதல் மூன்று இடம் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவற்றுக்கு. இவற்றில் பலவும் சாதாரண மருந்துக்கு அசைந்து கொடுக்காதவை. அதிலும் பெரும்பகுதி நோய் பிறந்த மூன்று நாளுக்குள்ளேயே வந்தது.

இது சொல்லும் சேதி என்ன? நம் நாட்டில் பிள்ளையைத் தாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைப் பஞ்சுக்குச்சி டெஸ்ட் தேடுவதே இல்லை. அந்தக் கிருமிகளைப் பென்சிலின் தொடுவதும் இல்லை. அவை பிரசவ மேஜையிலும், கழுவாத கையிலும், ஈரமான குழாயிலும், உறிஞ்சு கருவியிலும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் சோப்பையும் தண்ணீரையும் மறந்தால் எதிரி வேறு வாசல் வழியாக வந்துவிடுவான். டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முந்தைய பிள்ளைக்கு இந்தக் கிருமி நோய் வந்திருந்தால், சிறுநீரில் இந்தக் கிருமி கிடைத்திருந்தால், டாக்டர் எடுக்கச் சொன்னால், தயங்காமல் எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அங்கே எடுத்தால் பயப்படாதீர்கள். ஆனால் அதுமட்டுமே காப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, நம் ஊரில் இலவசமாகவே கிடைக்கும் டெஸ்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது சிறுநீர். டப்பாவைக் கையில் கொடுத்தால் பல பேர் முதல் நீரையே பிடித்து வந்துவிடுகிறார்கள். அது தவறு. சுத்தமாகக் கழுவிக்கொண்டு, முதலில் வரும் நீரைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். உடனே கொடுத்துவிட வேண்டும். கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் முடிந்து, டீ குடித்து, சாவகாசமாகக் கொடுத்தால் அதற்குள் கிருமி பெருகி முடிவு கெட்டுப்போகும். நீர்க்கடுப்பு இல்லாமல், எரிச்சல் இல்லாமல், சிறுநீரில் கிருமி பல்கியிருக்கும் கர்ப்பிணிகள் நூற்றில் இரண்டிலிருந்து பத்துப் பேர்வரை உண்டு. அவர்களைக் கண்டுபிடித்து ஏழு நாள் மருந்து கொடுக்காவிட்டால், சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்காய்ச்சலில் தள்ளலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் அது வழி. ஆல்புமின், சர்க்கரை பார்க்கும் பட்டையைத் தோய்த்துப் பார்ப்பது வேறு; கிருமி வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் வேறு. ஒருமுறையாவது கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இரண்டாவது, ரத்தத்தில் பார்க்கும் வி.டி.ஆர்.எல். சிபிலிஸ் என்னும் மேகநோயைத் தேடும் டெஸ்ட். அதுவும் பாக்டீரியாதான். கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது ஊனத்தோடு பிறக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் ஆரம்பநிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின், ஒரே தடவை போதும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய இழப்பைத் தடுக்கும் மருந்து மகப்பேற்றில் அபூர்வம். மாப்பிள்ளைமார்களே, மனைவிக்கு இது இருக்கிறது என்று வந்தால் நீங்களும் ரத்தம் கொடுக்க வேண்டும், நீங்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போன நோய் திரும்பி வரும். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கையை விரிப்பது வீரம் ஆகாது.

மூன்றாவது, டப்பாவும் ஊசியும் தேவைப்படாத பரிசோதனை. பிரசவ அறைக்குள் நுழையும்போது செவிலியர் கேட்கும் கேள்விகள். எத்தனை வாரம்? பனிக்குடம் எப்போது உடைந்தது? காய்ச்சல் உண்டா? நாற்றமான நீர் போகிறதா? முந்தைய பிள்ளைக்குப் பிறந்தவுடன் ஏதாவது ஆனதா? 37 வாரத்துக்கு முன் வலி, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்த நிலை, 100.4 டிகிரியைத் தொட்ட காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே மருந்து தொடங்க இடம் உண்டு. அதனால் செவிலியரின் கேள்விகளுக்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்த நேரத்தைக் கேட்டால், "நேத்து ராத்திரி சீரியல் முடிஞ்சப்போ" என்கிறார்கள். சீரியல் எத்தனை மணிக்கு முடியும் என்று செவிலியர் யாரிடம் கேட்பார்? நீர் உடைந்தவுடன் கடிகாரத்தைப் பாருங்கள், எழுதுங்கள், 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலி வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். இது கிருமி உள்ளே ஏற வாசல் திறந்துவிட்ட நேரம்.

செவிலியச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடிக்கடி கை விட்டுப் பார்ப்பதும் கிருமியை உள்ளே ஏற்றும். சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முறை பார்ப்பது என்பது தாய்க்குச் செய்யும் அநியாயம்.

எல்லோருக்குமே மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பெலகாவி, நாக்பூரையும் சேர்த்து, ஏழு நாடுகளில் 29,000க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. வலி வந்தபின் வாய்வழியாக ஒரே தடவை 2 கிராம் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். தாய்க்கு ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 2.4 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், நாளைக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளரும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது. டாக்டர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்குவதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. கை நிறைய வளையல், மடி நிறையக் கட்டுசாதம், பெண் புகுந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள். திருப்பூரிலோ சென்னையிலோ பார்த்த டாக்டர் வேறு. இங்கே அரிமளத்தில், ராயவரத்தில், கே.புதுப்பட்டியில் பார்க்கப்போகும் செவிலியர் வேறு. எந்த வாரத்தில் டெஸ்ட் எடுக்க வேண்டுமோ, எந்த வாரத்தில் முடிவு வர வேண்டுமோ, சரியாக அந்த வாரத்தில்தான் பெண் ஊர் மாறுகிறாள். சீர்வரிசைத் தட்டு எல்லாம் வந்து சேருகிறது. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் மட்டும் அங்கே பீரோவில் இருக்கிறது. வந்து சேராத முடிவு, முகவரி எழுதாத தபால்.

மாப்பிள்ளைமார்களே, உங்கள் வேலை இதுதான். வளைகாப்புக்கு முந்தின நாள் அந்தப் பையை நீங்கள் கட்டுங்கள். தாய் சேய் அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண், எல்லா ரத்த, சிறுநீர் முடிவுகள், ஸ்கேன் தாள்கள், ஒவ்வாத மருந்தின் பெயர் எழுதிய சீட்டு. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, மாமனார் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பெண் வந்து சேர்ந்த வாரமே இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "வலி வந்தா போய்க்கலாம்" என்பது பழைய பேச்சு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவிக்காகப் பதிவு செய்கிறோம் இல்லையா, அதே அக்கறையை ரிப்போர்ட்டிலும் காட்டுங்கள். அந்த அம்மையார் 1886இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்தவர்; மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு சேர்ந்து படித்த முதல் பெண்; 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் பெயரிலுள்ள திட்டத்தைப் பணம் வாங்கும் திட்டமாக மட்டும் பார்த்தால் அவருக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

பிள்ளை பிறந்த பிறகும் பரிசோதனை முடியவில்லை. பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சல் என்றால், "பால் கட்டியிருக்கு, சரியாயிடும்" என்று சொல்லிவிடுவோம். சில சமயம் அது உண்மை. ஆனால் 100.4க்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, நாற்றமான தீட்டு, குளிர் நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்தியத்தால் இது தீராது. பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டால், முனகினால், உடம்பு கொதித்தாலும் சரி, சில்லிட்டாலும் சரி, அது தோஷமும் அல்ல, மாந்தமும் அல்ல. பாடம் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 கூட்டிப்போகும்.

தமிழ்நாட்டில் 2018–20 கணக்குப்படி லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அது 97 ஆக இருந்தது. நாம் முன்னால் இருக்கிறோம். அப்படி இறப்பவர்களில் யாரும் நம் ஒன்றியத்துப் பெண்ணாக இருக்கக் கூடாது என்றால், ஒவ்வொரு கர்ப்பிணியும் தன் அட்டையைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 1991இல் அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அன்று எழுத்துக் கூட்டிப் படித்தவர்களின் பேத்திகள் இன்று கர்ப்பிணிகள். உங்கள் அட்டையில் எது எடுத்திருக்கிறார்கள், எது காலியாக இருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள். காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டி அடுத்த முறை போகும்போது கேளுங்கள். இங்கே வந்திருக்கும் செவிலியர்கள் பதில் சொல்லத்தான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அட்டையோடு வருபவர்களுக்கு நானும் அரை மணி நேரம் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.